மாமல்லபுரம் போயிட்டு வரும்போது முட்டுக்காட்டுல கால் நின்னுபோச்சு, நீங்கல்லாம் வழில என்னதான் சாப்பிடுறீங்க?

வேளச்சேரி_வீலர் (திங்கள் காலை 9:40)

மக்களே நேத்து நடந்த கதைய சொல்றேன், சிரிக்கக் கூடாது. சைக்கிள் வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு, இதுவரைக்கும் கோவளம் போயிட்டு திரும்புறதுதான், 60 கிமீ சொச்சம், ஒண்ணும் ஆனதில்ல. நேத்துதான் முதல் தடவ மாமல்லபுரம், போக வர 100. நாலு மணிக்கு எழுந்து ஒரு காபி, அவ்ளோதான், வெறும் வயித்துல ஓட்டினா தொப்பை கரையும்னு எவனோ வீடியோல சொன்னத நம்பிட்டேன். அஞ்சு மணிக்கு கிளம்பி ஏழரைக்கு போய் சேர்ந்தாச்சு, அங்க ரெண்டு மெதுவடை ஒரு காபி நாலு செல்ஃபி. தண்ணி மட்டும் நல்லாவே குடிச்சேன், போக வர 750 மில்லி பாட்டில் அஞ்சு காலி, எல்லாம் வெறும் தண்ணி.

திரும்பும்போது முதலைப் பண்ணை தாண்டுற வரைக்கும் ராஜா மாதிரி வந்தேன். கோவளம் தாண்டினதும் ஸ்பீடு 24லேர்ந்து 20, அப்புறம் 16. முட்டுக்காடு பாலம் இருக்கே, அது ஒரு ஏத்தமா சொல்லுங்க, அதுல ஏறும்போது கால் ரெண்டும் என்னுதே இல்ல. காயுற வெயில்ல கைல முடி நட்டுக்கிச்சு, குளிருது. கூட வந்தவன் பாவம் என்னடா ஆச்சுன்னு கேட்டதுக்கு அவன் மேல எரிஞ்சு விழுந்தேன், ஏன்னு எனக்கே தெரியல. பாலம் இறங்கினதும் தள்ளுவண்டில சர்பத் விக்கிற அக்கா என் மூஞ்சிய பாத்துட்டு "தம்பி மொதல்ல உக்காரு"ன்னு ஸ்டூல இழுத்துப் போட்டு, நன்னாரி சர்பத்துல உப்பு ஒரு சிட்டிகை, சீனி தூக்கலா போட்டு குடுத்தாங்க. ரெண்டு கிளாஸ். கால் மணி நேரத்துல ஆளே மாறிட்டேன்.

கேள்வி இதுதான். எல்லாரும் ஜெல், அதான் ஓட்டிக்கிட்டே வாயில பிழிஞ்சுக்கிற இனிப்புக் கூழ் பாக்கெட், வாங்குன்றாங்க, ஒண்ணு நூறு ரூபாய்க்கு மேல இருக்கு, அதெல்லாம் அவசியமா? வாரம் ஒரு நாள் ஜாலியா ஓட்டுறவன் நான், ரேஸ் ஓட்டப்போறது இல்ல.

பெடல்_பாண்டி (திங்கள் 9:58)

வாழ்த்துகள் தம்பி, இதுக்குப் பேர்தான் பாங்க் ஆகுறது. பேங்க்ல பேலன்ஸ் ஜீரோ ஆன மாதிரி உடம்புல சக்தி ஜீரோன்னு வச்சுக்க. எல்லாருக்கும் ஒருவாட்டி ஆகும், எனக்கு மேலூர் ரோட்டுல ஆச்சு, கரும்பு லோடு டிராக்டர் பின்னாடி போய் ஒரு கரும்ப உருவலாமான்னு யோசிச்சேன்.

கோவை_கியர் (திங்கள் 10:31)

பிசியோதெரபி வேலைங்க எனக்கு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கோங்க.

உடம்புல ரெண்டு டேங்க் இருக்குதுங்க. ஒண்ணு கொழுப்பு, அது எவ்வளவு ஒல்லியா இருக்கறவருக்கும் நாள் கணக்குல வரும், ஆனா மெதுவாத்தான் எரியும். இன்னொண்ணு கிளைகோஜன், சோறு சர்க்கரையெல்லாம் தசைலயும் கல்லீரல்லயும் போய் சேர்ந்திருக்கறது. அது மொத்தமே 400, 500 கிராம்தானுங்க. ராத்திரி தூங்கும்போதே கல்லீரல்ல இருக்கறது பாதிக்கு மேல காலி, நீங்க காலைல காபியோட கிளம்பிட்டீங்க. கொஞ்சம் மூச்சு வாங்கற வேகத்துல ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஓட்டினா மிச்சமும் தீந்துரும். கோவளம் வரைக்கும் போயிட்டு வந்தப்ப ஒண்ணும் ஆகலன்னீங்களே, ஏன்னு இப்ப புரியுதுங்களா, டேங்க் தீர்றதுக்குள்ள வீடு வந்துருச்சு.

எரிஞ்சு விழுந்தீங்க பாருங்க, அது மூளைக்கு சர்க்கரை பத்தாததால. கூட வந்தவர்கிட்ட மன்னிப்பு கேட்டுருங்க.

ஒரு மணி நேர ரைடுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, தண்ணி போதும். ஒன்றரை மணிக்கு மேல போனா மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும். வடைல என்னங்க இருக்குது, உளுந்தும் எண்ணெயும். நீங்க பசியாத்துனீங்க, காலுக்கு எதுவும் போடல.

வேளச்சேரி_வீலர் (திங்கள் 10:50)

மன்னிப்பு கேட்டாச்சு, ஒரு பிரியாணி வாங்கிக் குடுன்றான். 30 கிராம்னா எவ்ளோன்னு சாமானிய பாஷைல சொல்லுங்களேன்.

கோவை_கியர் (திங்கள் 11:15)

பெரிய பழம், இந்த பச்சை மோரிஸ் மாதிரி, ஒண்ணு 25 கிராம் கிட்ட வருமுங்க. பூவன், கற்பூரவள்ளி சின்னதா இருந்தா 15, அதனால ரெண்டு. பேரீச்சம்பழம் சின்னது நாலு. சீனி ஒரு டீஸ்பூன் 4, 5 கிராம். இட்லி சைஸ பொறுத்து ஒண்ணு 10 கிராம் பக்கம். கணக்கு அவ்ளோதானுங்க, எதுல வருதுங்கறது உங்க இஷ்டம், ஜெல்லும் அதே 20, 25 கிராம்தான், பாக்கெட்ல வருது, கடிக்க வேண்டாம், அதுக்குத்தான் அந்த விலை.

தாத்தா_ஹெர்குலிஸ் (திங்கள் 11:42)

எனக்கு 63 வயசு. 1980கள்ல செங்கல்பட்டுலேர்ந்து வேலைக்கு தாம்பரம் தினமும் சைக்கிள்தான், கேரியர்ல டிபன் பாக்ஸ், ஹேண்டில்ல ஒரு தூக்கு நீராகாரம், சின்ன வெங்காயம். ஜெல்லாவது ஒண்ணாவது. பழைய சோத்துல என்ன இல்ல, மாவுச்சத்து இருக்கு, உப்பு போட்டிருக்கு, தண்ணியும் இருக்கு, வயித்துக்கும் ஒண்ணும் பண்ணாது. இப்பவும் ஞாயித்துக்கிழம கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் அதான், கரைச்சு வடிகட்டி. கூடவே சட்டைப்பையில கடலைமிட்டாய்.

நெல்லை_ஸ்போக் (திங்கள் 12:20)

பெரியவர் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. கடலைமிட்டாய்னதும் கோவில்பட்டிக்காரன் வாய மூடிட்டு இருந்தா ஊருக்குள்ள விடமாட்டாவ. 2020ல புவிசார் குறியீடே வாங்குன சரக்குல்லா. ஆனா உண்மைய சொல்லணும், ரைடுக்கு நடுவுல அது அவ்வளவு தோதுப்படாது. வெல்லம் பாதி சரி, கடலைல இருக்க கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும், மூச்சு வாங்கும்போது கடலைய மென்னா பொறைக்கேறும், ஒருவாட்டி எனக்கு கண்ணுல தண்ணி வந்து ரோட்ட விட்டே இறங்கிட்டேன். மெதுவா போற நாள்ல, இல்ல நின்னு சாப்பிடுற இடத்துல சரி. ஓட்டிக்கிட்டே வாயில போடணும்னா கருப்பட்டி துண்டு, கன்னத்துல அதக்கிக்கிட்டா அரை மணி நேரம் ஓடும்.

பதநீர் கிடைக்கிற சீசன்ல திருச்செந்தூர் ரோட்டுல காலைல ஏழு ஏழரைக்கு பனையோலைப் பட்டைல ஊத்திக் குடிச்சா அன்னிக்கு சைக்கிள் தானா போகும். வெயில் ஏறின பிறகு மட்டும் வாங்கிராதிய, புளிச்சுப் போயிரும், அப்புறம் நிறுத்துற இடமெல்லாம் வேற காரணத்துக்கு.

ஈசிஆர்_எலி (திங்கள் 1:05)

வீலர், இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. இப்ப தெக்கத்திக் காத்து. போகும்போது எதிர்காத்துல கஷ்டப்பட்டு போயிருப்பீங்க, ஆனா வேர்வை காஞ்சிருக்கும். வரும்போது பின்காத்து, ஜாலின்னு நினைப்போம், நம்ம வேகமும் காத்து வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணாயிட்டா உடம்புல காத்தே படாது, சும்மா வெயில்ல நிக்கிற மாதிரி. அதுவும் ஒன்பது மணி வெயில். உங்களுக்கு ஆனது பாதி பசின்னா பாதி சூடு.

மருந்துக்கடை_மணி (திங்கள் 1:48)

எலி சொன்னதுதான் நானும் சொல்ல வந்தேன். வெயில்ல முடி நட்டுக்கிட்டு குளிருதுன்னா அது வெறும் பசின்னு விட்டுடாதீங்க, உடம்பு சூடு ஏறிப்போனதோட அறிகுறி அது. அந்த நேரம் வீரம் காட்டாம இறங்கி நிழல்ல உக்காந்து தலைல கழுத்துல தண்ணி ஊத்தணும். பேச்சு குழறினாலோ வேர்வை நின்னாலோ ஆஸ்பத்திரிதான், சர்பத் கடை இல்ல.

அடுத்து வெறும் தண்ணி அஞ்சு பாட்டில். சாயங்காலம் தலைவலி இருந்துச்சா?

வேளச்சேரி_வீலர் (திங்கள் 1:55)

அண்ணே கேமரா ஏதும் வச்சிருக்கீங்களா, மண்டைய பொளந்துச்சு. கைல மோதிரம் கழட்ட முடியல.

மருந்துக்கடை_மணி (திங்கள் 2:30)

மோதிரம் வெயில்லயே டைட்டாகும், அத மட்டும் வச்சு சொல்ல முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடியும் வந்ததும் எடை பாருங்க, அதுதான் நிஜம் பேசும். ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை பாக்கின்னு அர்த்தம். எடை ஏறியிருந்தா தண்ணி கூடிப்போச்சு. சிரிக்காதீங்க, 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர் ரத்தத்த சோதிச்சு பாத்ததுல 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதான் உப்புச்சத்து, குறைஞ்சிருந்துச்சு, ஓடி முடிச்சும் எடை ஏறியிருந்தவங்களுக்குத்தான் அதிகம். குடி குடின்னு சொல்லிச் சொல்லியே வந்த வினை. தாகம் எடுத்தா குடிங்க, ரெண்டு மூணு மடக்கு, அடிக்கடி. அலாரம் வச்சு குடிக்காதீங்க.

வேர்வைல ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் பக்கம் சோடியம் போகும், சிலருக்கு அதுக்கு ரொம்ப மேல. கறுப்பு ஜெர்சி காஞ்சதும் முதுகுல வெள்ளை வெள்ளையா கோடு விழுதா, தொட்டா நெறநெறன்னு இருக்கா, நீங்க உப்புக்காரர்.

அதுக்கு ஓஆர்எஸ், அதான் தண்ணில கரைச்சுக் குடிக்கிற உப்பு சர்க்கரைப் பொடி, போதும், பாக்கெட் இருபது இருபத்தஞ்சு ரூபா. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, 750 மில்லி பாட்டில்ல மொத்தமா கொட்டி கெட்டியா குடிக்காதீங்க, பின்னாடி எழுதியிருக்கிற அளவுதான். உலக சுகாதார நிறுவன ஃபார்முலால லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அந்த 13.5 கிராம் உப்பையும் தண்ணியையும் உள்ள இழுக்கத்தான், காலுக்கு சக்தி குடுக்க இல்ல, அதனால ஓஆர்எஸ் குடிச்சுட்டேன்னு சாப்பிடாம இருக்காதீங்க. டெட்ரா பேக்ல ஓஆர்எஸ்னு பேர் போட்டு இனிப்பு ஜூஸ் வித்துட்டு இருந்தாங்களே, அந்தப் பேரே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உத்தரவு போட்டுச்சு. பழைய ஸ்டாக் எங்கயாவது இருந்தா பாத்து வாங்குங்க. பிபி மாத்திரை போடுறவங்க உப்பு விஷயத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

பெடல்_பாண்டி (திங்கள் 2:44)

இளநி இருக்கும்போது இதெல்லாம் எதுக்குண்ணே?

மருந்துக்கடை_மணி (திங்கள் 3:02)

இளநில பொட்டாசியம் ஏராளம், வேர்வைல போறது பெரும்பாலும் சோடியம். குடிங்க, நல்லதுதான், நானும் குடிக்கிறேன். கூட ஒரு சிட்டிகை உப்ப போட்டுக்கங்க, வெட்டுறவர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

மஞ்சள்_ஹெல்மெட் (திங்கள் இரவு 8:15)

எல்லாரும் எவ்ளோ குடிக்கணும்னு லிட்டர் கணக்குல பேசுறீங்க, ஒருத்தராவது குடிச்சது எங்க போகும்னு பேசுனீங்களா?

உங்களுக்கு ரோடு ஓரம், புதர், சவுக்குத் தோப்பு. எங்களுக்கு? நானும் என் ஃப்ரெண்டும் ரெண்டு வருஷமா ஓட்டுறோம், முதல் ஆறு மாசம் நாங்க கிளம்புறதுக்கு முன்னாடியும் குடிக்க மாட்டோம் வழியிலயும் குடிக்க மாட்டோம், வாய நனைச்சுக்குவோம் அவ்ளோதான். விளைவு என்ன, எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து பத்து நாள் படுத்தேன். டாக்டர் ஏம்மா தண்ணியே குடிக்க மாட்டியான்னு கேட்டாங்க, என்னத்த சொல்றது. பீரியட்ஸ் நாள்ல ரைடே போகாம விட்டது எத்தன தடவ.

இப்ப என்ன பண்றோம்னா, ரூட்ட முதல்ல டாய்லெட்ட வச்சு போடுறோம், அப்புறம்தான் டிபன் கடை. பெட்ரோல் பங்க்ல டாய்லெட், குடிதண்ணி, டயருக்கு காத்து மூணும் இலவசமா குடுக்கணும்னு விதி இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. ஒரு பங்க்ல சாவி இல்லன்னாங்க, கம்ப்ளெயின்ட் புக் எங்கன்னு கேட்டோம், சாவி வந்துச்சு. திருவான்மியூர்லேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் காலைல ஆறு மணிக்கு திறந்திருந்து உள்ள தாழ்ப்பாளும் தண்ணியும் இருக்கிறதா பாத்து குறிச்சு வச்சிருக்கேன், நாலே நாலுதான். வேணும்ங்கிறவங்க தனிச்செய்தி போடுங்க. குரூப் ரைடு நடத்துறவங்க தயவு செஞ்சு நிறுத்துற இடத்த இத வச்சு முடிவு பண்ணுங்க, போட்டோ நல்லா வர்ற இடத்துல நிறுத்தாதீங்க.

ஈசிஆர்_எலி (திங்கள் 8:40)

குரூப் ரைடு நடத்துறவன்ல நானும் ஒருத்தன். மூணு வருஷத்துல ஒரு தடவ கூட யோசிச்சது இல்ல, வெக்கமா இருக்கு. லிஸ்ட் அனுப்புங்க, இந்த வாரத்துலேர்ந்து அங்கதான் ஸ்டாப்.

சர்க்கரை_சவாரி (செவ்வாய் காலை 6:10)

எனக்கு 48, சுகர் வந்து ஆறு வருஷம். என்னைய மாதிரி ஆளுங்க இத படிச்சுட்டு நமக்கு எதுக்கு சீனித்தண்ணின்னு நினைப்பீங்க, நானும் நினைச்சேன். சுகர இறக்குற கிளிமெபிரைடு மாத்திரைய போட்டுட்டு இட்லி சாப்பிடாம கிளம்பினேன், 40வது கிமீல கை நடுக்கம், பிரேக் பிடிக்க விரல் மடங்கல, குளுக்கோமீட்டர்ல சுகர் 58, ரொம்பக் கம்மி. ஹேண்டில்பார் பைல மகளோட ஜெம்ஸ் மிட்டாய் பாக்கெட் ஒண்ணு கிடந்துச்சு, அதான் காப்பாத்துச்சு. அப்புறம் டாக்டர் ரைடு நாளுக்கு மட்டும் மருந்து அளவையும் நேரத்தையும் மாத்திக் குடுத்தார். இன்சுலின், இந்த வகை மாத்திரை எடுக்கிறவங்க பாக்கெட்ல குளுக்கோஸ் இல்லாம கேட்ட தாண்டாதீங்க. மருந்த நீங்களா நிறுத்தவும் வேண்டாம், ஒவ்வொருத்தர் கதை ஒவ்வொண்ணு.

வேளச்சேரி_வீலர் (செவ்வாய் 9:20)

இவ்ளோ வரும்னு நினைக்கல, நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நான் சைக்கிள் வாங்கினதே தொப்பைக்கு. வழியெல்லாம் தின்னுக்கிட்டே போனா எப்படி குறையும்?

கோவை_கியர் (செவ்வாய் 10:05)

நல்ல கேள்விங்க. சமதரையில நம்ம வேகத்துக்கு கிலோமீட்டருக்கு 20, 25 கலோரி வெச்சுக்கோங்க, 100 கிமீக்கு ரெண்டாயிரத்து சொச்சம். மணிக்கு 40 கிராம்னு அஞ்சு மணி நேரம் சாப்பிட்டாலும் 800 கலோரி. மிச்சம் உடம்புலேர்ந்துதானுங்க போகுது. ஆனா சாப்பிடாம போயிட்டு வந்து என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க, நெய் பொங்கல், வடை, பூரி செட்டு, மறுபடி ஒரு காபி, மதியம் அந்த நண்பரோட பிரியாணி, நாலு மணி வரைக்கும் தூக்கம். தொப்பை அங்கதானுங்க உருவாகுது.

வெறும் வயித்துல ஓட்டணும்னு ஆசையா இருந்தா வாரநாள்ல வீட்டப் பக்கத்துலயே 45 நிமிஷம் மெதுவா ஓட்டுங்க, யாரும் வேண்டாங்கல.

பிரேவே_பிரசாத் (செவ்வாய் 11:30)

ஜெல்ல எல்லாரும் திட்டுறீங்க, ஒரு வார்த்தை. 200 கிமீ பிஆர்எம்ல, அதான் குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு, நேரம் பதிமூணரை மணி, ராத்திரி ஏழு மணிக்கு மேல பழமே இறங்காது, அப்ப ஜெல்தான் கைகொடுக்கும். ஆனா முதல் தடவ ரைடு அன்னிக்கு போய் டெஸ்ட் பண்ணாதீங்க. நான் என் முதல் பிஆர்எம்ல தண்ணி குடிக்காம ரெண்டு ஜெல் அடுத்தடுத்து போட்டு விழுப்புரம் பக்கத்துல மைல்கல்ல கட்டிப்பிடிச்சு வாந்தி எடுத்தேன். வயித்தயும் பழக்கணும், காலப் பழக்குற மாதிரி.

எனக்குப் பிடிச்சது லெமன் சாதம். கொஞ்சம் குழைய வடிச்சு, கடலைப்பருப்பு மிளகா இல்லாம தாளிச்சு, எலுமிச்சை அளவுக்கு உருட்டி ஃபாயில்ல சுத்தி முதுகுப் பாக்கெட்ல. டூர் டி பிரான்ஸ் டீமுங்களே ரைஸ் கேக்னு சோத்தத்தான் அமுக்கி வெட்டி பாக்கெட்ல போட்டுக் குடுக்குறாங்க. சாக்லேட் பார் மட்டும் சென்னைல வேண்டாம், ஒரு மணி நேரத்துல பாக்கெட்டுக்குள்ள குழம்பு.

தாத்தா_ஹெர்குலிஸ் (செவ்வாய் 11:52)

ஆக பழைய சோத்துக்குத்தான் வந்து நின்னீங்க. ரொம்ப சந்தோஷம்.

வேளச்சேரி_வீலர் (அடுத்த திங்கள் காலை 8:50)

ரிப்போர்ட். நேத்து அதே ரூட்டு.

நாலு மணிக்கு மூணு இட்லி பொடி தடவி, காபி. பாட்டில் ரெண்டு. ஒண்ணு வெறும் தண்ணி, குடிக்கவும் தலைல ஊத்தவும். இன்னொண்ணுல லிட்டருக்கு எட்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம், கால் ஸ்பூன் உப்பு. ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு பூவன் பழம் இல்லன்னா ரெண்டு பேரீச்சம்பழம். பிரசாத் அண்ணன் சொன்ன லெமன் சாத உருண்டை மூணு, அம்மா காலங்காத்தால என்னடா கூத்துன்னு கேட்டாங்க, ஆனா உருட்டிக் குடுத்தது அவங்கதான். மாமல்லபுரத்துல வடை சாப்பிடல, கண்ண மூடிக்கிட்டேன்.

கிளம்பும்போது 74.2, வந்ததும் 73.1. தலைவலி இல்ல. முட்டுக்காடு பாலம் 22ல ஏறினேன், அக்கா கடைல நின்னு சர்பத் குடிச்சேன், இந்த தடவ சும்மா குடிக்கணும்னு. "தேறிட்ட"ன்னாங்க.

ரெண்டு தப்பு நடந்துச்சு. பேரீச்சம்பழம் கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டி கியர் மாத்தும்போது விரல் வழுக்குது. அப்புறம் சர்க்கரைத் தண்ணி பாட்டில கழட்டாம பார்க்கிங்ல சைக்கிள விட்டுட்டேன், இன்னிக்கு காலைல பாத்தா ஃபிரேம்லேர்ந்து சுவர் வரைக்கும் எறும்பு சாரை, ஹேண்டில் டேப்புக்குள்ள எல்லாம் பூந்திருக்கு. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி சைக்கிள வெளில வைன்றார்.

மருந்துக்கடை_மணி (திங்கள் 9:15)

பாட்டில் மூடிய கழட்டி அந்த ரப்பர் வால்வ வெளில எடுத்துப் பாருங்க. இனிப்புத் தண்ணி ஊத்துறவங்க பாதி பேர் அத எடுத்துப் பாத்ததே கிடையாது, கறுப்பா பூஞ்சை படிஞ்சிருக்கும். வந்ததும் வெந்நீர்ல கழுவி கவுத்துடணும்.

வேளச்சேரி_வீலர் (திங்கள் 9:31)

எடுத்துப் பாத்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணே.

மஞ்சள்_ஹெல்மெட் (திங்கள் 9:40)

ஈசிஆர்_எலி, நேத்து ஸ்டாப் ரெண்டும் சரியா இருந்துச்சு, தேங்க்ஸ். ரெண்டாவது பங்க்ல தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு, லிஸ்ட்ல மாத்திக்கோங்க. இப்ப மூணுதான்.

ஈசிஆர்_எலி (திங்கள் 9:52)

மாத்திட்டேன். ஞாயித்துக்கிழம 4:45 டைடல் பார்க் சிக்னல். வீலர், அம்மாகிட்ட சொல்லி உருண்டை கொஞ்சம் கூட போட்டு எடுத்துட்டு வாங்க.